எத்தனையா, எவ்வளவா?

ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தையில் தேங்காய் வாங்கப் போனால், "எத்தனைங்க வேணும்?" என்பார்கள். வீட்டு வாசலுக்கு வரும் பால்காரர் "எவ்வளவுங்க ஊத்தட்டும்?" என்பார். இந்த இரண்டு கேள்வியையும் யாரும் மாற்றிக் கேட்பதில்லை. தேங்காயை எண்ணலாம், பாலை அளக்கத்தான் முடியும். பள்ளிக்கூடம் போகாதவருக்கும் இது தெரியும். ஆங்கிலத்தில் கூடுதல், குறைவு சொல்வதற்கு அடிப்படையும் இதுதான்.

பிறகு எங்கே தடுக்கி விழுகிறோம்? ஒப்பிடும் இடத்தில். "போன மாசத்தை விடத் தேங்காய் கம்மி, பாலும் கம்மி" என்கிறோம். தமிழில் இரண்டுக்கும் ஒரே 'கம்மி'. ஆங்கிலம் பிரித்துச் சொல்லும்: 'ஃபியூவர் கோகனட்ஸ்', 'லெஸ் மில்க்'. கூடுதலைச் சொல்லும்போது இந்தச் சிக்கல் இல்லை. இரண்டுக்குமே 'மோர்', மிக அதிகம் என்றால் 'மோஸ்ட்'.

எழுதும் முன், ஒப்பிடும் பொருளின் பெயரைத் தமிழில் கேள்வியாக்கிப் பாருங்கள்.

'எத்தனை' என்று கேட்க முடிந்தால்: மெனி, ஃபியூவர், ஃபியூவெஸ்ட், 'அஸ் மெனி அஸ்'. சொல் பன்மையில் நிற்கும்.

'எவ்வளவு' என்றுதான் கேட்க முடியும் என்றால்: மச், லெஸ், லீஸ்ட், 'அஸ் மச் அஸ்'. சொல் ஒருமையிலேயே நிற்கும்.

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்கு நூல் குறைவாக வந்தால் 'லெஸ் யார்ன்'. அதனால் தைத்த உருப்படி குறைந்தால் 'ஃபியூவர் டி-ஷர்ட்ஸ்'. அதே நூலைக் கோன் கணக்கில் சொன்னால் 'ஃபியூவர் கோன்ஸ்'. நூலை எண்ண முடியாது, அதைச் சுற்றிய கோனை எண்ணலாம். பாலுக்கு லிட்டர், அரிசிக்கு மூட்டை, நூலுக்குக் கோன் என்று ஓர் அளவு வந்துவிட்டால் எண்ணிக்கையும் வந்துவிடும். நூற்பாலையில் '40-ஆம் நம்பர் நூல்' என்பதும் அப்படிப் பிறந்ததுதான். 840 கெஜம் நீளமுள்ள சிட்டம் 40 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை என்பது அதன் பொருள். நம்பர் ஏற ஏற நூல் மெல்லியதாகும்.

'இன்னும் நிறைய' என்று அழுத்திச் சொல்லும்போதும் இதே கேள்வி உதவும். தேங்காய்க்கு 'மெனி மோர்', பாலுக்கு 'மச் மோர்'.

தமிழ்க் காதை நம்பக் கூடாத இடமும் உண்டு. தகவல்கள், செய்திகள், அறிவுரைகள் என்று நாம் தாராளமாக எண்ணுகிறோம். ஆங்கிலத்தில் இன்ஃபர்மேஷன், நியூஸ், அட்வைஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்யூப்மென்ட் ஆகியவை எண்ண முடியாத சொற்கள். 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'ஃபர்னிச்சர்ஸ்' என்று 'ஸ்' சேர்ப்பது தவறு. பயணத்தில் சுமை குறைவு என்றால் 'லெஸ் லக்கேஜ்', பைகள் குறைவு என்றால் 'ஃபியூவர் பேக்ஸ்'. இந்த ஆறு சொல்லையும் மனப்பாடமே செய்துவிடலாம்.

தூரம், நேரம், பணம் ஆகியவற்றில் எண் இருந்தாலும் 'லெஸ் தேன்' வரும். கோவையிலிருந்து திருப்பூர் 'லெஸ் தேன் 60 கிலோமீட்டர்ஸ்'. ஒவ்வொரு கிலோமீட்டராக எண்ணாமல் மொத்தத் தொலைவையே ஓர் அளவாகப் பார்ப்பதுதான் காரணம்.

ஆங்கிலேயர்கள் பேச்சில் எண்ணக்கூடியதற்கும் 'லெஸ்' என்பார்கள். அது பழைய வழக்கம். எண்ணிக்கைக்கு 'ஃபியூவர்' மேல் என்று 1770-இல் ராபர்ட் பேக்கர் தம் நூலில் எழுதினார். அவருடைய விருப்பமே பின்னால் பாடப்புத்தக விதியாயிற்று. தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் அந்த விதியைக் காப்பதே நல்லது.

விதிக்காக மட்டும் அல்ல, பொருளுக்காகவும். "இந்த வருஷம் மழை கம்மி" என்றால் பெய்த அளவு குறைவா, பெய்த நாட்கள் குறைவா? முதலாவது 'லெஸ் ரெய்ன்', இரண்டாவது 'ஃபியூவர் ரெய்னி டேஸ்'. நாலே நாளில் கொட்டித் தீர்த்த வருஷத்தில் அளவு கூடியிருக்கும், நாட்கள் குறைந்திருக்கும். மானாவாரியில் சோளம் விதைத்தவருக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல. மழை எவ்வளவு என்பதோடு எத்தனை நாள் பெய்தது என்றும் அவர் கேட்பார். நாமும் அப்படிக் கேட்டுவிட்டு எழுதினால் சரியான ஆங்கிலச் சொல் தானே வந்து நிற்கும்.