பிரியாத செல்லுக்குள் எப்படிப் போவது?

ஜாம்புவானோடையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: “ஸ்டெம் செல்லிலிருந்து நரம்பு செல்லை வளர்க்கிறார்களே, அதற்குள் புது மரபணுவை ஊசி போட்டா ஏற்றுகிறார்கள்?”

ஊசியும் உண்டுதான். லட்சக்கணக்கான செல்களை யார் உட்கார்ந்து குத்துவது? 1973-இல் கால்சியம் பாஸ்பேட் துகளில் டி.என்.ஏ.வை ஒட்டவைத்து செல்லை விழுங்கவைத்தார்கள். பிறகு மின்னதிர்ச்சி வந்தது, 1987-இல் கொழுப்பு உருண்டை வந்தது. இதற்கெல்லாம் டிரான்ஸ்ஃபெக்‌ஷன் என்று பெயர்.

வெளிச்சவ்வைத் தாண்டினாலும் உட்கருவின் சவ்வு இருக்கிறது. செல் இரண்டாகப் பிரியும்போதுதான் அது கலையும். எங்கள் முத்துப்பேட்டை லகூனில் சேறு தூர்ந்த இடத்தைக் கடக்க, தண்ணீர் ஏறும்வரை படகு காத்துக் கிடக்குமே, அந்தக் கதைதான். ஆனால் வளர்ந்த நரம்பு செல் பிரிவதே இல்லை; அங்கே தண்ணீர் ஏறவே ஏறாது.

மூடிய உட்கருவுக்குள்ளும் புகத் தெரிந்த ஆள் ஒருவன் உண்டு: எச்.ஐ.வி.! என்னை மயக்குவது இவனை அடக்கிய விதம். அவன் மரபணுக்களில் வேண்டாதவற்றைக் கழித்து, மீதியைத் தனித்தனி டி.என்.ஏ. வளையங்களாகப் பிரித்துவிடுகிறார்கள். நமக்கு வேண்டிய மரபணு இன்னொரு வளையத்தில். எல்லாவற்றையும் 293டி என்ற மனித செல்களில் டிரான்ஸ்ஃபெக்‌ஷன் முறையில் சேர்த்தால், அவை வைரஸ் கூடுகளைக் கட்டித் தள்ளும். அந்தக் கூடு சுமப்பது நம் மரபணுவை மட்டுமே, அதனால் பெருகாது. மேற்சட்டைகூட அவனுடையதல்ல, பெரும்பாலும் மாடு, குதிரைகளைத் தாக்கும் வேறொரு வைரஸின் உறைப்புரதம்.

இந்தக் கூடு நரம்பு செல்லுக்கு மட்டுமல்ல, ரத்த ஸ்டெம் செல்லுக்கும் உதவும். வேலூர் சி.எம்.சி.யில் இதற்குள் ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணியின் மரபணுவை வைத்தார்கள். ஹீமோஃபீலியா நோயாளிகள் ஐந்து பேரின் ரத்த ஸ்டெம் செல்களை எடுத்து, மரபணுவை ஏற்றி, அவரவருக்கே திருப்பிச் செலுத்தினார்கள். 2024 டிசம்பரில் முடிவு வெளியானது: ஐந்து பேரையும் கவனித்த காலம் மொத்தம் 81 மாதங்கள், ரத்தக்கசிவு ஒன்றும் இல்லை. கல்லீரல் செய்ய வேண்டிய காரணியை இப்போது அந்த ஸ்டெம் செல்களிலிருந்து பிறக்கும் வெள்ளணுக்கள் செய்கின்றன. ஐந்து பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். புது மரபணு குரோமோசோமில் எங்கே போய் உட்காரும் என்பதும் நம் கையில் இல்லை. தப்பான இடத்தில் உட்கார்ந்தால் புற்றுநோய்கூட வரலாம். அதனால் இவ்வகைச் சிகிச்சை பெற்றவர்களைப் பல ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும்.

இத்தனை பாடுபட்டுச் செய்வதன் பெயரைத்தான், மூட்டுவலி முதல் ஆட்டிசம் வரை ஸ்டெம் செல்லால் தீரும் என்று சுவரொட்டி அடிப்பவர்களும் சொல்கிறார்கள். சில ரத்த நோய்களுக்கு ரத்த ஸ்டெம் செல்லை மாற்றிப் பொருத்தும் சிகிச்சை தவிர மற்றதெல்லாம் ஆய்வாக மட்டுமே நடக்கலாம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டி. வீட்டில் யாராவது அந்தச் சிகிச்சைக்குக் கிளம்பினால் முதலில் ஆய்வுப் பதிவேட்டு எண்ணைக் கேட்கச் சொல்லுங்கள், தங்கச்சி. ஆய்வுக்கு வருபவரிடம் பணம் வாங்கவும் கூடாது.