டார்வின் நம்பிக்கை இழந்தது எந்த நாளில்?

இயற்கைத் தேர்வு பாடம் முடிந்த அன்று உயர்நிலை நான்கு மாணவர் ஒருவர் வகுப்பறையிலேயே நின்றுவிட்டார். மற்றவர்கள் கிளம்பும்வரை பையில் எதையோ தேடுவதுபோல் பாவனை செய்தவர், பிறகு கேட்டார்: “சார், இதைக் கண்டுபிடிச்சதாலதான் டார்வினுக்குக் கடவுள் நம்பிக்கை போச்சாமே? எங்க பாட்டி சொல்றாங்க. இந்தப் பாடமே உனக்கு வேணாங்கிறாங்க.”

“அதெல்லாம் இல்லை” என்று அவசரமாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது அந்தப் பதில் பாதிதான் சரி என்று தோன்றியது. மீதியை இங்கே எழுதுகிறேன். அவருடைய சம்மதத்தோடுதான்.

ஆய்வகத்தில் அமிலத்துக்குள் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்திருப்பீர்கள். வெகுநேரம் ஒன்றும் நடக்காது. ஒரு சொட்டு விழுந்ததும் நிறம் மாறிவிடும். ஒருவர் நம்பிக்கை இழந்த கதையைக் கேட்கும்போதும் நாம் அந்த ஒற்றைச் சொட்டைத்தான் தேடுகிறோம். டார்வின் விஷயத்தில் அப்படித் தேடியவர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சொட்டுகள் கிடைத்திருக்கின்றன. சிக்கலே அதுதான்.

1809இல் பிறந்த சார்ல்ஸ் டார்வின் கேம்பிரிட்ஜில் படித்தது பாதிரியார் ஆவதற்காக. 1831 டிசம்பரில் பீகிள் கப்பலில் புறப்பட்டபோது அவருக்கு வயது 22. ஓர் ஒழுக்கப் பிரச்சினைக்கு பைபிளை ஆதாரமாகக் காட்டியதற்காகக் கப்பல் அதிகாரிகள் தம்மைப் பார்த்துச் சிரித்ததை அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆகவே, கலாபகஸ் தீவுகளில் பறவைகளைப் பார்த்த கணத்தில் நம்பிக்கை போய்விட்டது என்ற கதை நிற்காது.

1836 அக்டோபரில் ஊர் திரும்பினார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் சமயம் பற்றி நிறைய யோசித்ததாகத் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். இயற்கைத் தேர்வு என்ற கருத்து அவருக்குத் தோன்றியதும் அந்தக் காலத்தில்தான், 1838இல். ‘இதோ அகப்பட்டது சொட்டு’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் அவர் அடுக்கும் காரணங்களைப் பாருங்கள். மற்ற சமயங்களின் நூல்களை நம்பாத நான் இதை மட்டும் ஏன் நம்ப வேண்டும்? இயற்கையின் விதிகள் தெரியத் தெரிய அற்புதங்களை எப்படி ஏற்பது? நம்பாதவர்களுக்கு முடிவில்லாத தண்டனை என்றால், நல்லவர்களான என் அப்பாவும் அண்ணனும் நண்பர்களும் அதில் சேர்ந்துவிடுகிறார்களே? இந்தக் கேள்விகளைக் கேட்கப் பரிணாமம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அறிவியலுக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. கடிகாரம் இருந்தால் அதைச் செய்தவர் இருப்பார், அதுபோலக் கண்ணைப் படைத்தவரும் இருப்பார் என்று வில்லியம் பேலி வாதிட்டதை மாணவப் பருவத்தில் டார்வின் மிகவும் ரசித்தார். இயற்கைத் தேர்வு அந்த வாதத்தின் அடித்தளத்தை எடுத்துவிட்டது. குளவிகளும் அவரை உறுத்தின. சில குளவிகள் உயிருள்ள புழுவுக்குள் முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்று வளரும். அன்பான கடவுள் வேண்டுமென்றே இதைப் படைத்திருப்பாரா என்று 1860இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரேக்கு எழுதிய கடிதத்தில் வருந்தினார்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ‘உயிரினங்களின் தோற்றம்’ 1859இல் வெளிவந்தது. அதை எழுதிய காலத்தில், பிரபஞ்சத்துக்குப் பின்னால் ஓர் அறிவார்ந்த முதற்காரணம் இருப்பதாகத் தாம் உறுதியாக நினைத்ததாக டார்வின் எழுதியிருக்கிறார். கருத்து தோன்றி இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் ஒருவகையில் இறைநம்பிக்கையாளர்தான்! அந்த எண்ணம் அதன்பிறகே மெல்ல மெல்ல, அதுவும் ஏற்ற இறக்கத்தோடு, தளர்ந்தது.

இன்னும் இரண்டு சொட்டுகள் இருக்கின்றன. நாற்பது வயதுவரை கிறிஸ்துவத்தை விடவில்லை என்று 1881இல் வீட்டுக்கு வந்த விருந்தினரிடம் அவர் சொன்னதாக ஒரு பதிவு உண்டு. அது சரியென்றால் ஆண்டு 1849. மூத்த மகள் ஆனி 1851 ஏப்ரல் 23ஆம் தேதி பத்து வயதில் இறந்ததுதான் கடைசி அடி என்பது வரலாற்றாசிரியர்கள் சிலரின் கருத்து. மற்றவர்கள் அதை ஏற்பதில்லை. டார்வினே இந்த இரண்டையும் எங்கும் முடிச்சுப் போடவில்லை. தன்வரலாற்றில் மகள் இறந்த தேதியை 24 என்று ஒரு நாள் தவறாக எழுதியிருக்கிறார். நெஞ்சை உலுக்கிய தேதியே 25 ஆண்டுகளில் நகர்ந்துவிடுகிறது என்றால், மனம் மாறிய தேதியை யார் சரியாகச் சொல்வது? அவநம்பிக்கை மிக மெதுவாக வந்ததால் தமக்கு வலியே தெரியவில்லை என்பதுதான் அவர் தந்த விளக்கம்.

போய்ச் சேர்ந்த இடமும் பலர் நினைக்கும் இடமல்ல. கடவுள் இல்லை என்று மறுக்கும் நாத்திகராகத் தாம் ஒருபோதும் இருந்ததில்லை என்று 1879இல் ஒரு கடிதத்தில் எழுதினார். தம்மைப் பெரும்பாலும் ‘அக்னாஸ்டிக்’, அதாவது உண்டா இல்லையா என்று அறிய முடியாது என்பவர், எனலாம் என்றார். அந்தச் சொல்லை அவருடைய நண்பர் தாமஸ் ஹக்ஸ்லி உருவாக்கியதே 1869இல்தான். சிங்கப்பூரின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 20 விழுக்காட்டினர் சமயம் இல்லை என்றார்கள். 2010இல் அது 17 விழுக்காடு. அந்த ஒரு கட்டத்துக்குள் எத்தனை விதமான மனிதர்கள் இருப்பார்கள் என்பதைப் படிவம் சொல்லாது. சமயம் இல்லை என்பதும் கடவுள் இல்லை என்பதும் ஒன்றல்ல.

பாட்டியின் பயத்துக்கு வருவோம். அதே சான்றுகளைப் படித்து, இயற்கைத் தேர்வை அமெரிக்காவில் ஆதரித்துப் பேசிய ஏசா கிரே கடைசிவரை கிறிஸ்துவராகவே இருந்தார். நமக்கு நெருக்கமான இன்னொருவர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ். 1854இல் சிங்கப்பூருக்கு வந்து, புக்கிட் தீமாவில் ஒரு பாதிரியாரின் இல்லத்தில் தங்கி, இரண்டே மாதங்களில் ஏறக்குறைய 700 வகை வண்டுகளைச் சேகரித்தவர். இயற்கைத் தேர்வை டார்வினைச் சாராமல் தாமே கண்டறிந்தவரும் அவர்தான். இளமையிலேயே சமய நம்பிக்கையை விட்டிருந்த வாலஸ், 1860களில் ஆவியுலக நம்பிக்கைக்குப் போனார். மனித மனம் உருவாக உயர்ந்த ஓர் அறிவு துணைநின்றிருக்க வேண்டும் என்று வாதிட்டு டார்வினைத் திகைக்க வைத்தார். ஒரே கோட்பாடு, இருவர், எதிரெதிர்த் திசைகள்.

இதையெல்லாம் அடுத்த வாரம் அந்த மாணவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, “எனக்கே இப்ப முன்ன மாதிரி இல்ல சார். வீட்ல எப்படிச் சொல்றதுன்னு தெரியல” என்றார். அவர் கேட்க வந்தது இதைத்தான். ஆசிரியர் பயிற்சியில் இதற்கு விடை சொல்லித் தரவில்லை. எம்மாவைப் பற்றிச் சொன்னேன்.

எம்மா, டார்வினின் மனைவி. ஆழ்ந்த பக்தி உடையவர். சந்தேகங்களை மனைவியிடம் மறைத்துவிடு என்று டார்வினின் தந்தை அறிவுரை சொல்லியிருந்தார். மகன் கேட்கவில்லை, 1839இல் நடந்த திருமணத்துக்கு முன்பே எம்மாவிடம் சொல்லிவிட்டார். மணமான புதிதில் எம்மா அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். நேர்மையாக உண்மையைத் தேடுபவர் தவறு செய்பவராக மாட்டார் என்று ஏற்றுக்கொண்ட எம்மா, நிரூபிக்க முடிந்ததை மட்டுமே நம்பும் அறிவியல் பழக்கம் அவரைச் சில உண்மைகளிலிருந்து விலக்கிவிடுமோ என்றும் அஞ்சினார். மரணத்துக்குப் பின் இருவரும் பிரிந்துவிடுவோமோ என்பதுதான் எம்மாவின் பெரிய பயம். அவர் தேவாலயத்துக்குச் செல்வதை நிறுத்தவில்லை, டார்வின் பின்னாளில் நிறுத்திவிட்டார். 43 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்து பத்துப் பிள்ளைகளைப் பெற்றார்கள்.

டார்வின் 1882இல் இறந்தார். எம்மாவின் அந்தக் கடிதத்தைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார். தாம் போன பிறகு மனைவி படிப்பதற்காக அதன் அடியில் ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்: அந்தக் கடிதத்தைத் தாம் பலமுறை முத்தமிட்டு அழுததை அவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்று.