கழுத்தைத் தடவிப் பார்த்த காலம்

செய்யூர்ப் பக்கம் உப்பளத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் கடலுப்பில் தானாக இருக்கும் அயோடின் தைராய்டுச் சுரப்பிக்குப் போதாது. தனியே சேர்க்க வேண்டும். 1962-ல் மத்திய அரசு கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது தைராய்டுக் கோளாறுக்கு அடையாளம் கழுத்து வீக்கம்தான். எச்சிலை விழுங்கச் சொல்லி, கட்டி ஏறி இறங்குகிறதா என்று மருத்துவர் விரல் வைத்துப் பார்ப்பார். கழுத்து வீங்காமலே சுரப்பு குறைந்த பெண்களை யார் கண்டார்கள்? அசதி, உடம்பு போடுவது, முடி கொட்டுவது எல்லாம் சோம்பேறித்தனம் என்ற பழியாகவே முடிந்தன. நினைத்தால் மனசு ஆறவில்லை.

ஹார்மோனை ரத்தத்தில் அளக்க வழி திறந்தது ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் உருவாக்கிய கதிரியக்க முறை. யாலோவுக்கு 1977-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதில் பயன்படும் கதிரியக்க அயோடின் 60 நாளில் பாதி வீரியம் இழந்துவிடும். அதனால் சோதனைக் கிட்டை வாங்கி அடுக்கி வைக்க முடியாது. போதிய ரத்த மாதிரிகள் சேர்ந்த பிறகு மொத்தமாகச் சோதிப்பார்கள். அதெல்லாம் பெருநகரத்துச் சங்கதி.

இன்று கதிரியக்கத்துக்குப் பதில் ஒளியை அளக்கும் இயந்திரம் வந்துவிட்டது. காலையில் கொடுத்த ரத்தத்துக்கு மாலையிலோ மறுநாளோ போனிலேயே ரிப்போர்ட். உணவுக்கு அயோடின் சேர்க்காத உப்பை விற்க 2006-ல் தடையும் வந்தது. இப்போது அதிகம் தென்படுவது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் வகை. அது வீக்கமில்லாமலும் வரும், ரத்தம்தான் காட்டிக்கொடுக்கும்.

"தைராய்டு ஏறிடுச்சு" என்கிறார்கள். ஏறியது டி.எஸ்.ஹெச்., அதாவது பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவு. ஆள் சுணங்கினால் மேஸ்திரி குரலை உயர்த்துவதுபோல, தைராய்டு சுணங்கினால் அது கூடும். பெரியவர்களுக்குச் சுமார் 0.4 முதல் 4 வரை சரியான அளவு. கர்ப்பிணிகளுக்குக் கணக்கு வேறு. 5, 6 என்று வந்தால் ஆயுளுக்கும் மாத்திரைதான் என்று பதற வேண்டாம். சில வாரம் கழித்து, தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4-உடன் மறுபடி பார்ப்பார்கள்.

முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை போடுபவர்கள் அதை லேபில் சொல்லியே ஆகவேண்டும். சில இயந்திரங்களில் அது டி.எஸ்.ஹெச். அளவைக் குறைத்துக் காட்டும். முடி கொட்டுவதற்குத் தைராய்டே காரணமாக இருந்தால், அந்த மாத்திரையே நோயை மறைத்துவிடும்.

பிறவியிலேயே சுரப்பு குறைந்த குழந்தைக்கு முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் மூளை வளர்ச்சியைக் காப்பாற்றலாம். அதைக் கண்டுபிடிக்கக் குதிகாலில் சில சொட்டு ரத்தம் போதும். நாட்டில் எல்லாக் குழந்தைக்கும் அந்தச் சோதனை இன்னும் கிடைத்தபாடில்லை. பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் முன் வாய்விட்டே கேளுங்கள்: "குழந்தைக்குத் தைராய்டு பார்த்தாச்சா?"