உங்களுக்குத் தெரியுமா? – கோப்பை வந்தது, கூட்டம் வரவில்லை!

● லண்டனின் ‘ஒயிட் சிட்டி ரெபெல்ஸ்’ ஸ்பீட்வே பைக் அணியின் ஆயுள் மூன்றே சீசன்: 1976 முதல் 1978 வரை. அதற்குள் 1977-இல் பிரிட்டிஷ் லீக் பட்டத்தையே வென்றுவிட்டது.

● ஸ்பீட்வே பைக்கில் பிரேக் கிடையாது. கியரும் ஒன்றுதான். 500 சிசி எஞ்சினுக்கு எரிபொருள் மெத்தனால். நான்கு பேர், மண் தடத்தில் நான்கு சுற்று. ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். வளைவு வந்தால் வேகத்தைக் குறைப்பதில்லை. பின்சக்கரத்தை வழுக்கவிட்டு, இடது காலைத் தரையில் தேய்த்தபடி வண்டியைத் திருப்புவார்கள். அதற்காகவே இடது பூட்ஸின் அடியில் இரும்புத் தகடு! முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவர்களுக்கு 2, 1. கடைசி ஆளுக்கு முன்னால் போனவர்கள் கிளப்பிய மண்தான்.

● ரெபெல்ஸ் உண்மையில் ஆக்ஸ்ஃபோர்ட் அணி. அங்கிருந்த அரங்கம் கைமாறிப்போகும் என்ற பேச்சு எழவே, 1975 சீசன் முடிந்ததும் லண்டனுக்குக் குடிபெயர்ந்தது. பின்னாலேயே ரசிகர்கள் போராடி அரங்கத்தைக் காப்பாற்றிவிட்டார்கள்! 1976-லேயே ‘ஆக்ஸ்ஃபோர்ட் சீட்டாஸ்’ என்ற பழைய பெயரில், இரண்டாம் நிலை லீகில், அங்கே வேறோர் அணி ஓடத் தொடங்கியது. இடியப்போகிறதென்று காலி செய்த வீடு இடியவே இல்லை.

● வந்து சேர்ந்த இடமும் லேசுப்பட்டதல்ல. ஒயிட் சிட்டி, 1908 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய அரங்கம். இன்றைய மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டர், அன்று விண்ட்சர் கோட்டையில் கிளம்பி இந்த அரங்கத்தில் அரச குடும்பத்தார் அமர்ந்திருந்த இடத்துக்கு எதிரே முடிந்த ஓட்டத்தின் நீளமே. 1966 உலகக் கோப்பைக் கால்பந்தில் உருகுவே–பிரான்ஸ் ஆட்டமும் இங்கேதான் நடந்தது. காரணம்? வெம்ப்ளியில் அன்று நாய்ப் பந்தயமாம். அதை ரத்து செய்ய மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்!

● இவ்வளவு பெரிய அரங்கம்தான் அணிக்கு வினையானது என்று தோன்றுகிறது. சிறிய ஊரில் ஜேஜே என்றிருக்கும் கூட்டம்கூட இங்கே வந்தால் கண்ணுக்குத் தெரியாது. வந்த கூட்டமோ அதுவும் இல்லை. பட்டம் வென்ற பிறகும் நிலைமை மாறவில்லை.

● 1977 அணியில் கோர்டன் கென்னட், ஸ்டீவ் வெதர்லி ஆகிய ஆங்கிலேயர்களோடு பின்லாந்தின் காய் நியேமி, போலந்தின் மாரெக் செஷ்லாக் ஆகியோரும் இருந்தார்கள். செஷ்லாக் பிற்காலத்தில் போலந்து தேசிய அணியின் பயிற்சியாளராகிப் பலமுறை உலகக் கோப்பை வாங்கித்தந்தார்.

● அணியின் கடைசி ஆண்டான 1978-இல் கென்னட்டுக்கு உச்சம். மால்கம் சிம்மன்ஸுடன் சேர்ந்து உலக ஜோடிப் பட்டம். வெம்ப்ளியில் நடந்த தனிநபர் உலக இறுதியில் டென்மார்க்கின் ஓலே ஓல்சனுக்கு அடுத்த இடம். 1979-இல் லீகில் ரெபெல்ஸின் இடம் ஈஸ்ட்போர்ன் அணிக்குப் போனது. கென்னட்டும் அங்கேதான் போனார்.