முதுகில் ஊசியா, முழு மயக்கமா? சுகர்காரர் அறிய வேண்டிய கணக்கு

வலை இழுக்கும் பிழைப்பில் குடலிறக்கம் வருவது ஏர்வாடிக் கடற்கரைக்குப் புதிதல்ல. ஆபரேஷன் என்றால் கீழக்கரை வழியாக ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குப் பஸ் ஏற வேண்டும். அங்கே மயக்க மருத்துவரிடம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "முதுகுல ஊசியா, முழுசா மயக்கமா டாக்டர்?" வலிக்குப் பயந்து கேட்கும் கேள்வி. ஆனால் சுகர் உள்ளவருக்கு அதில் இன்னொரு கணக்கும் உண்டு. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி தமிழகப் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு.

ஆபரேஷனில் வெறும் வயிற்றிலும் சுகர் ஏறுவது ஏன்?

கத்தி பட்டதும் நரம்பு வழியே மூளைக்குச் சேதி போகிறது. அட்ரினலின், கார்டிசால், குளுக்ககான் பெருகுகின்றன. கல்லீரல் சேமித்த சர்க்கரையை ரத்தத்தில் கொட்டுகிறது. கணையம் இன்சுலினைக் குறைக்கிறது. சுரக்கிற இன்சுலினுக்கும் தசைகள் முன்போலக் கட்டுப்படுவதில்லை.

முழு மயக்கத்தில் ஆள்தான் தூங்குகிறார், சேதி போய்க்கொண்டே இருக்கிறது. போதாக்குறைக்கு, செவோஃப்ளூரேன் போன்ற மூச்சுவழி மருந்துகள் இன்சுலின் சுரப்பையும் அடக்குகின்றன.

முதுகு ஊசி, 1898-ல் ஜெர்மானிய மருத்துவர் ஆகஸ்ட் பியர் செய்துகாட்டிய முறை. இதில் சேதி தண்டுவடத்திலேயே நின்றுவிடும். வயர்லெஸ் பழுதான படகு மாதிரி. நடுக்கடலில் நடப்பது கரைக்குத் தெரியாது. அதனால் தொப்புளுக்குக் கீழான ஆபரேஷன்களில் சுகர் அவ்வளவாக ஏறாது. மேல்வயிறு என்றால் இந்தப் பலன் குறைந்துவிடும்.

தாழ்ந்தாலும் ஆபத்து

சுகர் இறங்கினால், விழித்திருப்பவர் "கிறுகிறுன்னு வருது" என்று சொல்லிவிடுவார். மயக்கத்தில் இருப்பவரால் சொல்ல முடியாது. அதனால்தான் மணிக்கொரு தடவை விரல் நுனியில் குத்திப் பார்க்கிறார்கள். பொதுவாக 180-ஐத் தாண்டவிடுவதில்லை.

அதற்காக முதுகு ஊசிதான் எல்லோருக்கும் நல்லது என்றில்லை. நாள்பட்ட சுகரால் நரம்பு கெட்டவருக்கு அதில் ரத்த அழுத்தம் சட்டென்று சரியலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறவருக்கும் யோசித்தே போடுவார்கள்.

எந்த மயக்கம் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். நம் பங்குக்கு, தேதி குறிக்கும்போதே மாத்திரை அட்டைகளை அவர் முன் வைத்துவிட வேண்டும். டாபாகிளிஃப்ளோசின் வகை சுகர் மாத்திரையை 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஆபரேஷன் அன்று காலையில் சொன்னால் காலம் கடந்திருக்கும்.