பொலிஸ் நியமனமும் ஊவாத் தோட்டங்களும்

பொலிஸ்காரரைத் தெரிந்தெடுப்பவர் யார், அவருக்குப் பதவி உயர்வு அளிப்பவர் யார் என்னும் வினாக்கள், பதுளையிலும் பசறையிலும் வாழும் தோட்ட மக்களுக்குத் தொலைவானவை அல்ல. லயத்திலிருந்து முறைப்பாடு செய்யச் செல்பவரின் வாக்குமூலம் அவர் அறியாத மொழியில் எழுதப்படுமாயின், அதன் சரிபிழை தெரியாமலே அவர் ஒப்பமிட நேரும்.

2001 இல் 17ஆவது அரசியலமைப்புத் திருத்தம், பொலிஸ் நியமனங்களை அரசாங்க சேவை ஆணைக்குழுவினின்று பிரித்துத் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தது. பொலிஸ் மா அதிபர் பதவி மட்டும் இதற்கு விலக்கு. அரசியல் தலையீட்டைத் தடுப்பதே நோக்கம். 2010 இல் அவ்வதிகாரம் பறிக்கப்பட்டு, 2015 இல் மீள அளிக்கப்பட்டது.

இதற்கு முன்னரே, 1987 இன் 13ஆவது திருத்தம் மாகாணந்தோறும் ஒரு பொலிஸ் ஆணைக்குழுவை வகுத்திருந்தது. பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஒருவர், அரசாங்க சேவை ஆணைக்குழு நியமிப்பவர் ஒருவர், முதலமைச்சர் நியமிப்பவர் ஒருவர் என அதில் மூவர். மாகாணப் பிரிவுக்கு ஆட்சேர்த்தல் அவர்கள் பொறுப்பு. தமிழையும் அரசகரும மொழியாக்கியது அதே திருத்தந்தான். ஆயினும் ஊவாவில் அப்பொலிஸ் அதிகாரம் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை.

உள்ளூர் நியமனத்தில் உள்ளூர்ச் செல்வாக்கும் நுழையக்கூடும். ஆதலின் பொது விதியினின்று விலக்குப் பெறுவது விதியே இல்லாமை ஆகாது. தகுதித் தேர்வும் மேன்முறையீடும் நிலைத்திருத்தல் வேண்டும். தோட்டப் பகுதிகளில் தமிழறிவும் அத்தகுதிகளுள் ஒன்றாதல் வேண்டும்.