கேமரா ஆஃப்லைன்... ஸ்டூலில் ஏறும் முன் ரௌட்டரைப் பாருங்கள்!

வெளியூரிலோ வெளிநாட்டிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் பலருக்கு இப்போது இது பழக்கமாகிவிட்டது. காலையில் எழுந்ததும் மொபைலில் ஊர் வீட்டு கேமராவைத் திறந்து பார்க்கிறார்கள். வாசலில் கோலம் விழுந்திருக்கிறதா, பால் பாக்கெட்டை எடுத்துவிட்டார்களா, அப்பா பேப்பரோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாரா... அந்த அரை நிமிடக் காட்சி கிடைத்துவிட்டால் மனம் அடங்கும். திடீரென்று ஒருநாள் படம் வராது. கறுப்புத் திரையில் 'ஆஃப்லைன்' என்ற ஒரே சொல் நிற்கும்.

வீட்டில் கரன்ட் போனாலும் அதே சொல்தான் வரும். அடாப்டர் செத்துப்போனாலும், தெருவில் போன லாரி ஃபைபர் கேபிளை இழுத்து அறுத்துவிட்டாலும், ரௌட்டர் பாஸ்வேர்டை யாராவது மாற்றியிருந்தாலும், கேமரா கம்பெனியின் சர்வரே படுத்துவிட்டாலும் அதே 'ஆஃப்லைன்'தான். ஆப் எதையும் பிரித்துச் சொல்லாது. அதற்குத் தெரியவும் வழியில்லை. கேமராவிடமிருந்து தகவல் வருவது நின்றுவிட்டது என்பது மட்டுமே சர்வருக்குத் தெரியும். ஏன் நின்றது என்று சொல்ல வேண்டிய கேமராதான் தொடர்பில் இல்லையே!

இந்த இடத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் தவறான முதல் அடி எடுத்து வைக்கப்படுகிறது. "அப்பா, ஸ்டூல் போட்டு ஏறுங்க. கேமராவுக்கு அடியில சின்னதா ஒரு ரீசெட் பட்டன் இருக்கும். அதைப் பத்து செகண்ட் அமுக்கிப் பிடிங்க" என்று போனில் சொல்லிவிடுகிறார்கள். எழுபது வயதைத் தாண்டியவர் ஒரு கையில் போனும் மறு கையில் குண்டூசியுமாக ஸ்டூலில் ஏறுகிறார். வீட்டின் பாதுகாப்புக்காக வாங்கிய பொருளுக்காக இடுப்பெலும்பைப் பணயம் வைப்பது எந்த வகையிலும் நியாயமில்லை. பழுது பெரும்பாலும் அந்த உயரத்தில் இருப்பதுமில்லை.

கேமரா எடுக்கும் படம் மொபைலை வந்து சேர்வதற்குள் பல கைகள் மாறுகிறது. அடாப்டரிலிருந்து மின்சாரம், கேமராவிலிருந்து ரௌட்டர் வரை வைஃபை, ரௌட்டரிலிருந்து தெரு வழியாக ஃபைபர், அங்கிருந்து கம்பெனியின் சர்வர், கடைசியாகப் பார்ப்பவரின் மொபைல். எந்தக் கண்ணி அறுந்தாலும் படம் நிற்கும். எது அறுந்தது என்று தரையில் நின்றபடியே கண்டுபிடிக்கலாம். அதற்கு முதலில் பார்க்க வேண்டியது ரௌட்டரின் விளக்குகளை.

"அப்பா, டி.வி. பக்கத்துல இருக்கிற வெள்ளை டப்பாவுல என்னென்ன லைட் எரியுது?"

"மூணு பச்சையா எரியுதும்மா. ஒண்ணு மட்டும் சிவப்பா கண் சிமிட்டுது."

"அதுக்குக் கீழ என்ன எழுதியிருக்கு?"

"எல்... ஓ... எஸ்."

இவ்வளவு போதும். ஃபைபர் இணைப்புக்கான பெட்டியில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாகச் சிமிட்டினால், கண்ணாடி இழை வழியே வர வேண்டிய ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். கேமராவை ரீசெட் செய்தாலும், புதுக் கேமராவே வாங்கி மாட்டினாலும் படம் வராது. கேபிள் வெளியே அறுந்திருக்கலாம். வீட்டுக்குள்ளேயே பீரோவை நகர்த்தியபோது இழை கூர்மையாக மடங்கியிருக்கலாம். கம்பி வளைந்தால் மின்சாரம் நிற்பதில்லை. ஆனால் கண்ணாடி இழை மடங்கினால் ஒளி வெளியே கசிந்துவிடும். மடிப்பை நீவிவிட்டும் சிவப்பு அணையவில்லை என்றால் நெட் கொடுத்தவருக்குப் புகார் செய்ய வேண்டியதுதான். பி.ஓ.என். என்ற விளக்கு நிலையாகப் பச்சையில் எரிந்து, வீட்டில் மற்ற மொபைல்களில் யூடியூப் ஓடுகிறது என்றால் மட்டும் கேமரா பக்கம் திரும்பலாம்.

நம் ஊரில் மின்வெட்டு முடிந்து கரன்ட் வரும் நேரம்தான் கேமராக்களுக்குச் சோதனை. கேமரா சீக்கிரம் விழித்துக்கொள்ளும். ரௌட்டர் விழித்து, ஃபைபரோடு பேசி, வைஃபையை முழுமையாகக் கொடுக்கச் சில நிமிடங்கள் ஆகும். நல்ல கேமராக்கள் பொறுமையாக மறுபடி மறுபடி முயலும். விலை குறைந்த சில கேமராக்கள் ஓரிரு முறை தேடிவிட்டு அப்படியே நின்றுவிடும். ரௌட்டரின் விளக்குகள் எல்லாம் நிலைத்த பிறகு கேமராவின் சுவிட்சை மட்டும் அணைத்துப் போட்டால் இந்த வகைப் பழுது அப்போதே தீரும். அதற்காகத்தான் கேமராவின் பிளக் பாயின்ட்டைக் கைக்கு எட்டும் உயரத்தில் வைக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. எலெக்ட்ரீஷியன்கள் அழகுக்காக அதைக் கூரையை ஒட்டி வைத்துவிடுகிறார்கள். ரௌட்டருக்கென்றே விற்கும் சின்ன யு.பி.எஸ். ஒன்றை வாங்கி வைத்தால், குறுகிய மின்வெட்டுகளில் ரௌட்டர் அணையவே அணையாது. கேமராவுக்கும் இன்வெர்ட்டர் லைன் கொடுத்துவிட்டால் பாதித் தொல்லை ஒழிந்தது.

மின்சாரத்தில் இன்னொரு பழுது உண்டு. பகலெல்லாம் ஒழுங்காக ஓடும் கேமரா, இருட்டியதும் காணாமல் போகும். விடிந்ததும் தானாக வந்துவிடும். வீட்டார் ஏதேதோ யோசித்துக் குழம்புவார்கள். காரணம் அடாப்டர். இரவில் பார்ப்பதற்காகக் கேமரா தன் அகச்சிவப்பு விளக்குகளை எரிக்கிறது. அப்போது அது இழுக்கும் மின்னோட்டம் கூடுகிறது. தளர்ந்துபோன அடாப்டரோ, நீளமான மெல்லிய யு.எஸ்.பி. வயரோ அந்தச் சுமையைத் தாங்காது. வோல்ட்டேஜ் இறங்கி, கேமரா அணைந்து அணைந்து எழும். சோதிப்பது எளிது: ஆப்பில் இரவுப் பார்வையை அணைத்துவிட்டு, வாசல் விளக்கைப் போட்டு வைத்துப் பாருங்கள். அன்று இரவு முழுக்கக் கேமரா தாக்குப்பிடித்தால் குற்றவாளி அடாப்டர்தான். கேமராவின் மீது அச்சிட்டிருக்கும் அதே வோல்ட், அதற்குக் குறையாத ஆம்பியர் உள்ள நல்ல அடாப்டரை மாற்றினால் போதும்.

அடுத்தது வைஃபை. பழைய இணைப்பை விட்டுவிட்டுப் புது நிறுவனத்துக்கு மாறியதும், புது ரௌட்டர் வந்த அன்றே கேமரா ஆஃப்லைன் ஆவது வாடிக்கை. கேமராவின் நினைவில் பழைய வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும்தான் இருக்கின்றன. இதற்கு ஏணியே தேவைப்படாத வைத்தியம் ஒன்று உண்டு. புது ரௌட்டரில் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் எழுத்துப் பிசகாமல் அப்படியே வைத்துவிட வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இடைவெளி எல்லாம் அதேபோல் இருக்க வேண்டும். கேமரா, டி.வி., ஸ்பீக்கர் என எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தானே வந்து ஒட்டிக்கொள்ளும். இணைப்பு கொடுக்க வரும் ஊழியரிடமே இதைக் கேட்டுச் செய்துகொள்ளலாம். பழைய பாஸ்வேர்டு எளிதில் ஊகிக்கக்கூடியதாக இருந்தால் மட்டும் இந்த வழி வேண்டாம்.

அப்படியும் வரவில்லை என்றால் அலைவரிசையைப் பார்க்க வேண்டும். வீட்டு கேமராக்களில் பெரும்பாலானவை 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே அறியும். புது ரௌட்டர்கள் 2.4, 5 ஆகிய இரண்டையும் ஒரே பெயரில் கொடுக்கின்றன. முதல் முறை இணைக்கும்போது மொபைல் 5-லும் கேமரா 2.4-லும் நின்றால், சில கேமராக்களின் செட்டப் பாதியில் முறிந்துவிடும். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைப்பது அல்லது செட்டப் முடியும் வரை 5-ஐ அணைத்து வைப்பது தீர்வு. ரௌட்டரின் பாதுகாப்பு டபிள்யூ.பி.ஏ.3 மட்டும் என்று இருந்தாலும் பழைய கேமராக்கள் உள்ளே வராது, டபிள்யூ.பி.ஏ.2-ஐயும் சேர்த்து அனுமதிக்க வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து வரும்போது பெட்டியில் கேமரா வாங்கி வருபவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று: 2.4 ஜிகாஹெர்ட்ஸில் இந்தியாவில் 1 முதல் 13 வரையிலான சேனல்கள் புழக்கத்தில் உள்ளன. அமெரிக்கச் சந்தைக்கான கருவிகள் பொதுவாக 11-ஆம் சேனலோடு நிறுத்திக்கொள்ளும். நம் வீட்டு ரௌட்டர் தானாகவே 12-க்கோ 13-க்கோ தாவிவிட்டால், அந்தக் கேமராவின் கண்ணில் வைஃபையே படாது. வேறு நாள் ரௌட்டர் 6-க்குத் திரும்பியதும் கேமரா உயிர்பெறும். இந்த மர்மத்துக்கு முடிவு கட்ட ரௌட்டரில் சேனலை 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றாக நிலைப்படுத்த வேண்டும். இவை மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று விழாதவை என்பதால், நெருக்கமான அடுக்குமாடிகளில் எப்படியும் இவைதான் நல்லவை.

தூரத்தையும் மறந்துவிடக் கூடாது. நடுக்கூடத்தில் ரௌட்டர், இரண்டு கான்கிரீட் சுவர் தாண்டி இரும்பு கேட்டருகே கேமரா என்றால் சிக்னல் இளைத்துப்போகும். கேமரா ஆப்கள் பலவற்றில் சிக்னல் அளவு தெரியும்: மைனஸ் 60 டிபிஎம் அளவில் இருந்தால் நலம், மைனஸ் 80-ஐ நெருங்கினால் எப்போது வேண்டுமானாலும் அறுந்துபோகும். வாய்ப்பிருந்தால் வாசல் கேமராவுக்கு லேன் வயர் இழுத்துவிடுவதே சிறந்தது. ஈதர்நெட் வயர் 100 மீட்டர் வரை தாங்கும். அதே வயரில் மின்சாரமும் ஏறும் வகைக் கேமராக்கள் உள்ளன. வயர் வாங்கும்போது முழுச் செம்பு என்று கேட்டு வாங்க வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது மலிவு, ஆனால் நீள ஓட்டத்தில் மின்சாரத்தைத் தின்றுவிடும். கடலோர ஊர்களில் வெளியே தொங்கும் இணைப்பு முனைகள் உப்புக் காற்றில் பச்சை பூத்துவிடுகின்றன. அவற்றை மூடிய பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

கேமராப் படங்களைப் பதியும் பெட்டியான டி.வி.ஆரை, அதுவும் பழையதை, வைத்திருப்பவர்களின் குறை வேறு மாதிரி. வீட்டுக்குள் டி.வி.யில் படம் தெரிகிறது, வெளியூரிலிருந்து மட்டும் தெரிவதில்லை. ஐ.பி. முகவரியைப் போட்டு நேராக வீட்டுக்குள் நுழையும்படி அந்தக் காலத்தில் அமைத்திருப்பார்கள். பழைய முறை முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டது. எனவே நெட் நிறுவனங்கள் பல, ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகின்றன. வெளியிலிருந்து வரும் அழைப்பு எந்த வீட்டுக்கு என்று தெரியாமல் அங்கேயே நின்றுவிடும். ரௌட்டரில் எந்த போர்ட்டைத் திறந்தும் பயனில்லை. கருவியின் சீரியல் நம்பரைக் கொண்டு இணைக்கும் வசதி இருந்தால் அதை இயக்கலாம். இல்லையேல் கட்டணம் கட்டி நிலையான ஐ.பி. வாங்க வேண்டும்.

சில நாள்களில் வீட்டில் எந்தக் குறையும் இருக்காது. 2025 அக்டோபர் 20, நம் ஊரில் தீபாவளி. அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள அமேசான் கிளவுட் மையத்தில் ஏற்பட்ட கோளாறால் உலகெங்கும் பல சேவைகள் முடங்கின. ரிங் நிறுவனத்தின் காலிங்பெல் கேமராக்களும் அவற்றில் அடக்கம். அன்று ஏணியில் ஏறி ரீசெட் செய்தவர்கள், நன்றாக இருந்த கேமராவைக் கெடுத்துக்கொண்டதுதான் மிச்சமாக இருந்திருக்கும். 2024 பிப்ரவரியில் வைஸ் என்ற கேமரா நிறுவனத்தின் சேவை விழுந்து எழுந்தபோது, சுமார் 13,000 பேருக்கு அடுத்தவர் வீட்டுக் கேமராவின் படங்கள் தெரிந்தன. படுக்கையறையிலும் பூஜையறையிலும் கேமரா வைக்கும் முன் இந்தச் சம்பவத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

எல்லாம் பார்த்தும் பலனில்லை என்றால்தான் ரீசெட். அதற்கும் இளைஞர் ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு உடனிருக்கட்டும். வீட்டில் திருட்டு நடந்திருந்தால், எதையும் தொடும் முன் மெமரி கார்டைக் கழற்றிப் பத்திரப்படுத்த வேண்டும். புதிதாக இணைக்கும்போது கார்டை ஃபார்மட் செய்யலாமா என்று சில ஆப்கள் கேட்கும்; அவசரத்தில் 'சரி' என்று தட்டினால் சாட்சியம் போய்விடும்.

ரீசெட் செய்த சில மாடல் கேமராக்களும் டி.வி.ஆர்.களும் தொழிற்சாலை பாஸ்வேர்டுக்குத் திரும்பிவிடும். அதை மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2016-ல் உலகம் பார்த்தது. 'மிராய்' என்ற தீநிரல் அறுபது சொச்சம் தொழிற்சாலை பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரௌட்டர்களையும் பிடித்தது. அந்தப் படையைக் கொண்டு அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் தேதி, இணையதளங்களுக்கு வழிகாட்டும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில், ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் பலருக்கும் திறக்கவில்லை. அப்பாவி வீடுகளின் கேமராக்களே ஆயுதமாயின.

நெட் அறுந்தால் பார்ப்பது மட்டும்தான் நிற்க வேண்டும். பதிவு நிற்கக் கூடாது. கிளவுடை மட்டும் நம்பிய வீட்டில் இரண்டும் சேர்ந்தே நிற்கும். மின்சாரம் இருக்கும் வரை கேமரா தன் மெமரி கார்டில் பதிந்துகொண்டே இருக்கும்படி அமைக்கலாம். 1080பி தரத்தில் நொடிக்கு 1.5 மெகாபிட் என்று கணக்கிட்டால் ஒரு நாளைக்குச் சுமார் 16 ஜி.பி. ஆகும். 128 ஜி.பி. கார்டு ஒரு வாரத்துக்குத் தாங்கும். கேமராவுக்கென்றே வரும், திரும்பத் திரும்ப எழுதினாலும் தேயாத வகைக் கார்டைக் கேட்டு வாங்குவது நல்லது.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது இதைச் செய்து பாருங்கள். ரௌட்டரைப் பத்து நிமிடம் அணைத்து வையுங்கள். மீண்டும் போட்ட பிறகு கேமரா யாரும் தொடாமல் தானாக வருகிறதா, அந்தப் பத்து நிமிடப் பதிவு கார்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால், வைஃபை பெயர், பாஸ்வேர்டு, நெட் நிறுவனத்தின் புகார் எண் மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி, வெளியாட்கள் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டு, அது எங்கே இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.